புள்ளியும் ஸ்தாயியும்: யாழ்ப்பாணத்தில் இசைக்குறிப்பு அச்சேறிய வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் அச்சுப் பண்பாட்டின் வரலாற்றை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் சமயக் கண்டன நூல்கள், இலக்கண இலக்கியப் பதிப்புகள், பத்திரிகைகள் என்பவற்றையே தமக்குரிய பொருளாகக் கொண்டுள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் கருத்துப் போராட்டங்கள் இவற்றினூடாகவே நிகழ்ந்தமையால் அது இயல்பானதே. எனினும் சுரதாளக் குறிப்போடு கூடிய இசைநூல்கள் இவ்வாய்வுகளில் இடம்பெறாது போயின. இசையாராய்ச்சியாளர் இராகத்தையும் தாளத்தையும் நோக்கினர்; அச்சு வரலாற்றாசிரியர் சொல்லை நோக்கினர். சுரம் அச்சாகும்போது நிகழ்வதென்ன என்பது இருவர்க்கும் நடுவே விடுபட்டுப் போயிற்று. இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையை எட்டிப் பார்க்க நேர்ந்தது ஒரு சிறு நிகழ்ச்சியாலேயாகும்.

ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவர் தாம் இயற்றிய உருப்படிகள் சிலவற்றைப் பல்லாண்டுகளுக்கு முன்னர் வலிகாமத்துக் கணினி நிலையமொன்றில் 'பாமினி' எழுத்துருவிற் பதிந்து வைத்திருந்தார். அக்கோப்பினைத் தமிழகப் பதிப்பகமொன்றுக்கு அனுப்பும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. பதிப்பகத்தார் அதனை ஒருங்குறிக்கு மாற்றி மெய்ப்பு அனுப்பினர். சாகித்திய வரிகள் யாவும் பிழையின்றி இருந்தன. சுர வரிகளோ முற்றும் சிதைந்து கிடந்தன. மூன்று அட்சரம் நீளவேண்டிய மத்தியஸ்தாயி ஸட்ஜம், ஒரேயோர் அட்சரமுடைய தாரஸ்தாயி ஸட்ஜமாக நின்றது. பஞ்சமத்தை அடுத்துக் கார்வை வரவேண்டிய இடத்தில் 'இ' என்னும் உயிரெழுத்து வந்திருந்தது. மெய்ப்பை வாசித்த ஆசிரியர், "தம்பி, இது என்ர பாட்டில்லை" என்று மட்டும் கூறினார். அவர் கூறியது மெய்யே. அச்சிற் கண்டபடி பாடினால் வேறொரு மெட்டே பிறக்கும்.

எழுத்துருப் பொருந்தாமை எனப்படும் இவ்விடரைக் கணினியோடு தோன்றியதொரு தொழில்நுட்பக் குறைபாடாகக் கொள்வதே வழக்கம். கோப்பை மாற்றும் செயலி ஒன்று கிடைத்தால் தீர்ந்துவிடும் என்பர். எமது கருத்து இதனின்றும் வேறுபட்டது. எழுத்தினை உற்பத்தி செய்யும் சாதனங்கள் எவர் கையில் இருந்தன, எந்தச் சந்தைக்காக இயங்கின என்னும் வினாவின் அண்மைக்கால வடிவமே இது. ஈய அச்செழுத்தின் காலத்திலேயே இதன் வேர் ஓடியிருக்கின்றது.

புள்ளியிலிருந்து தொடங்குவோம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலம் முதல் வரும் விதி. ஆயினும் ஏட்டுச் சுவடிகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எழுத்தாணியாற் குத்தினால் ஓலை கிழியும். வாசிப்போன் இடம் நோக்கி மெய்யென்றோ உயிர்மெய்யென்றோ உணர்ந்துகொள்வான். புள்ளி தவறாது இடம்பெறுவது அச்சின் வருகையோடு உறுதியான வழக்கமாகும். கர்நாடக இசையைக் குறியீட்டில் எழுதும் முறையும் அச்சுக் காலத்திலேயே பொதுவழக்கிற்கு வந்தது. ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழெழுத்துக்களின் மேல் புள்ளியிட்டால் தாரஸ்தாயி, கீழே புள்ளியிட்டால் மந்தரஸ்தாயி, புள்ளியின்றேல் மத்தியஸ்தாயி. தெலுங்கு, தேவநாகரி முதலிய எழுத்துக்களில் மேற்புள்ளியிட்ட ஸகாரத்தை மெய்யென எவரும் மயங்கார். தமிழிலோ எழுத்தின் தலைமேல் ஏறும் புள்ளிக்கு முன்னரே ஒரு பொருள் உண்டு. தாரஸ்தாயி ஸட்ஜமும் 'ஸ்' என்னும் மெய்யும் கண்ணுக்கு ஒன்றே. அச்சு வளர்த்த இரு புள்ளிகள் ஒரே இடத்தில் வந்து மோதின.

இம்மோதலைச் சந்தித்தவர் அச்சுக்கோப்பாளர். அவருடைய எழுத்துப் பெட்டியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஸ், க், ம், ப், த் ஆகிய ஐந்தும் மெய்யெழுத்துக்களாகப் பெட்டியில் ஏற்கெனவே உள்ளவை. எனவே தாரஸ்தாயியில் ஐந்து சுரங்கள் செலவின்றிக் கிடைத்தன. ரி, நி இரண்டும் உயிர்மெய்கள். அவற்றின்மேற் புள்ளியிட்ட அச்செழுத்துத் தமிழ்மொழிக்குத் தேவையற்றது. ஆகவே அது வார்க்கப்படவுமில்லை. ஸா, ரீ, கா என நெடிலாகும் இரண்டட்சரச் சுரங்களுக்கும் இதே கதிதான். மந்தரஸ்தாயிக்கோ ஒன்றுகூட இல்லை. விரைவுகாலத்தைக் காட்டும் மேற்கோட்டுக்குப் பித்தளைத் தகட்டினை வெட்டி வரிக்கு வரி செருகவேண்டும். அக்கோடு தாரஸ்தாயிப் புள்ளியோடு முட்டும். ரிஷபம், காந்தாரம் முதலியவற்றின் பேதங்களைக் காட்டும் சிற்றிலக்கங்கள் வேறு. சாதாரண உரைநடைப் பக்கமொன்றை அடுக்கும் கூலிக்கு இப்பக்கத்தை அடுக்குமாறு எந்த அச்சகத்தார் கேட்பினும் தொழிலாளி இணங்கான், இணங்கவும் கூடாது.

அச்சுவார்ப்பகம் சந்தையை நோக்கி இயங்குவது. ஆயிரக்கணக்கில் விலைபோகும் எழுத்தே வார்க்கப்படும். எனவே இசைக்குறிப்புக்கென எழுத்து வார்க்கவேண்டுமாயின் சந்தைக்குப் புறம்பான ஓர் ஆதரவு வேண்டியிருந்தது. தமிழகத்தின் பெருநூல்களை இவ்வொளியில் நோக்கினால் செய்தி தெளிவாகும். சின்னசாமி முதலியார் 1893இல் தென்னாட்டு உருப்படிகளை ஐரோப்பிய ஐங்கோட்டுக் குறியீட்டில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904இல் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவிலே தெலுங்கெழுத்தில் வெளிவந்தது. கமகங்களுக்கென்றே தனிக்குறிகள் கொண்ட அந்நூலைத் தாங்கியது ஜமீனின் பொருளன்றி வாசகர் தந்த விலையன்று. அதனைத் தமிழெழுத்திற் கொணரும் பணியைச் சென்னைச் சங்கீத வித்வத் சபை 1961இல் தொடங்கிப் பல தொகுதிகளாக நிறைவேற்றியது. முதற் பதிப்புக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' நூலை 1917இல் வெளியிட்டபோது தஞ்சையில் தமக்குரிய அச்சுக்கூடத்தையே பயன்படுத்தினார். ஜமீனுடையதோ சொந்த அச்சுக்கூடமோ, இரண்டும் இல்லாதவனுக்கு இசைக்குறிப்பு நூல் எட்டாப் பொருளே.

யாழ்ப்பாணத்தின் நிலை யாது? 1820இல் அமெரிக்க மிஷனின் அச்சாளர் ஜேம்ஸ் கறற் இங்கு வந்தபோது, அக்காலை ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பாண்ஸ் அவரைத் தங்க அனுமதிக்கவில்லை. அமெரிக்கருக்கு அச்சுத்தொழில் கைகூட 1834 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மானிப்பாயில் மைனரின் பொறுப்பில் அச்சுக்கூடம் இயங்கியது. 1841இல் 'உதயதாரகை' தோன்றிற்று. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பெற்ற அகராதிப் பணி வின்சுலோவின் பேரகராதியாக 1862இல் அச்சேறியது சென்னையிலே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சிறிய, திருத்தமான எழுத்து அங்கேயே இருந்தது. மிஷனரியும் நாவலரும் கொள்கையால் எதிரெதிர் நின்றவர். ஆயினும் அச்செழுத்து விடயத்தில் இருசாராரும் சென்னையை நோக்கியே நின்றனர். இச்சார்பு நிலை இன்றுவரை வடிவம் மாறி நீடிக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இசைக்குறிப்புக்கு அச்சுத் தேவை எழவில்லை. கோயில்களை அண்டி வாழ்ந்த நாதஸ்வர, தவிற் கலைஞர் தம் கலையைச் செவிவழியாகவே கற்றனர். இணுவிலும் அளவெட்டியும் இதற்குச் சான்று. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலோ, என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமோ காகிதத்திலிருந்து பிறந்ததன்று. சாதியமைப்பு அவர்களைச் சமூகப் படிநிலையிற் கீழே நிறுத்தியது. கலையிலோ அவர்களே ஆசான்கள். இக்கலை குலத்தொழில் என்ற எல்லையைக் கடந்து, ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வர்க்கத்தின் வீடுகளுக்குள் நுழைந்தபோதே ஏடும் எழுதுகோலும் இன்றியமையாதன ஆயின. 1930களின் தொடக்கத்தில் உருவான வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சைகளை நடத்தியது. பரீட்சை என்றால் பாடத்திட்டம் வேண்டும். பாடத்திட்டம் என்றால் எழுத்திலமைந்த பாடம் வேண்டும். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் அங்கு அதிபராகப் பணிபுரிந்தார். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தபின் பட்டப்படிப்பும் சேர்ந்துகொண்டது. இவ்வாறு சான்றிதழ் ஒருபுறமும் சம்பளம் மறுபுறமுமாக இசை ஓர் உத்தியோகத் துறையாயிற்று. செவிவழிக் கல்வியைக் குறிப்புப் புத்தகம் முற்றாக வெல்லவில்லை என்பதையும் இங்குச் சொல்லிவைத்தல் வேண்டும். குறிப்பு எலும்புக்கூடு, கமகம் ஆசானின் தொண்டையிலிருந்தே வரவேண்டும்.

இத்துணைத் தேவை பிறந்தும் உள்ளூரில் இசைக்குறிப்பு அச்சு வளரவில்லை. தியாகராசர் கிருதிகளுக்கும் வர்ணங்களுக்கும் தமிழக நூல்களே போதியனவாயின. இவ்விறக்குமதி உள்ளூர்ப் படைப்பாளியை எங்கே நிறுத்தியது என்பதே வினா. எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் பாடல் இயற்றியவராக அறியப்படும் இணுவில் வீரமணி ஐயர் (1931–2003) போன்ற ஒருவரின் ஆக்கங்கள் சுரக்குறிப்போடு பரவுவதற்கு இருந்த வழி யாது? கையெழுத்துக் கொப்பி, தட்டச்சுத் தாள், ரோணியோப் பிரதி. தட்டச்சுப் பொறியில் ஸ்தாயிப் புள்ளியும் மேற்கோடும் இல்லை; மெழுகுத் தாளில் ஊசியாற் குத்திப் புள்ளியிட்ட ஆசிரியரை எம் ஆசிரியர் தலைமுறையினர் நன்கறிவர். ஓலையிற் குத்தத் தயங்கிய புள்ளி மெழுகுத் தாளில் குத்தப்பட்டது!

ஐரோப்பாவிலே நிலைமை வேறு. 1501இல் வெனிசு நகரத்துப் பெற்றுருச்சி இசைத்தாள்களை அசையும் எழுத்துக்களால் அச்சிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லைப்சிக் நகரத்துப் பிரைட்கொப் அதனைத் திருத்தினார். வீட்டுக்கு வீடு பியானோ வாங்கிய முதலாளிவர்க்கம் இசைத்தாளையும் வாங்கிற்று. அச்சந்தையே குறியீட்டை ஒருமைப்படுத்தியது. கணினிக் காலத்திலும் ஆரம்பத்திற் குழப்பம் இருந்தது. அடோபி நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் 'சொனாட்டா' என்னும் இசையெழுத்துருவை வெளியிட்டது. 'பினாலே' மென்பொருள் 'பெற்றுருச்சி' என்னும் பெயரிலேயே ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. ஒன்றிற் காற்சுரமாக இருப்பது மற்றொன்றில் வேறொன்றாகத் தோன்றும். 2004இல் 'மியூசிக் எக்ஸ்எம்எல்' என்ற பரிமாற்ற வடிவமும், 2013இல் 'ஸ்மபிள்' என்னும் பொது எழுத்துருத் திட்டமும் வந்து இச்சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தன. அங்கும் தனியுடைமையின் இடர் ஓய்ந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் பினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அதன் உரிமையாளர் அறிவித்தபோது முப்பதாண்டுக் கோப்புகளை வைத்திருந்தோர் திகைத்தனர். எனினும் அவர்கட்கு மாறிச் செல்ல ஒரு பொதுவடிவம் இருந்தது.

எமக்கு அவ்வாறில்லை. 1990 முதல் யாழ்க்குடாநாடு மின்சாரம் அறுந்து, பொருளாதாரத் தடையினுள் வாழ்ந்தது. மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள், காகிதம் அரும்பொருள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலே கொப்பிகள் எத்தனை வழியிற் கிடந்தனவோ! இத்தகைய சூழலிற் கணினி அச்சு இங்குப் பரவலானது பிந்தியே. பரவியபோது ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி எழுத்துரு ஓர் பொதுச்சொத்துப் போலாயிற்று. பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ், நினைவு மலர் யாவும் அதிலேயே. அதே காலத்தில் தமிழகத்து அச்சகங்கள் ஸ்ரீலிபி, வானவில் முதலிய வேறு எழுத்துருக்களை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்தின. 1999இல் தமிழ்நாட்டு அரசு 'தாம்', 'தாப்' என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தரமாக அறிவித்தது. பாமினி அவற்றுள் எதற்கும் பொருந்தாதது. எனவே யாழ்ப்பாணத்துக் கோப்பு சென்னை சென்றால் அது மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்யப்படும். தட்டச்சு செய்வோர்க்குச் சுரம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவ்வேலைக்குரிய கூலி நூலாசிரியர் தலையில் விழும்.

இனி, எமக்கு வந்த மெய்ப்பின் மர்மத்தைக் காண்போம். பாமினியிற் பதியப்படுவது தமிழெழுத்தன்று. ஆங்கில விசைகளுக்குரிய எண்களே கோப்பிற் சேமிக்கப்படுகின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்முகம் பூட்டுகின்றது. முகத்தைக் கழற்றினால் 'ஸ' என்பது மூடும் சதுர அடைப்புக்குறி. 'இ' என்பது காற்புள்ளி. மெய்யெழுத்துப் புள்ளி என்பது அரைப்புள்ளி. இசைக்குறிப்பிலோ காற்புள்ளி ஓர் அட்சரக் கார்வையையும், அரைப்புள்ளி இரண்டு அட்சரக் கார்வையையும் குறிப்பன. தட்டச்சாளர் சுரங்களைப் பாமினியிலும், கார்வைக் குறிகளை ஆங்கில எழுத்துருவிலும் இட்டிருந்தார். தாளில் அது மிகச் சரியாகவே தோன்றியது. பதிப்பகத்தின் மாற்றுச் செயலி எழுத்துரு வேறுபாட்டைக் கவனியாது எல்லா எண்களையும் பாமினியாகவே கொண்டது. 59 என்னும் எண் ஓரிடத்தில் இரண்டு அட்சரக் கார்வை, மற்றோரிடத்தில் தாரஸ்தாயிப் புள்ளி. மாற்றம் முடிந்தபின் இரண்டும் புள்ளியாயின. ஸட்ஜத்தை நீட்டச் சொன்ன குறி, ஸட்ஜத்தை மேலே தூக்கும் குறியாயிற்று. காற்புள்ளிகள் யாவும் 'இ'கரமாயின. இரு பொருள்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு எழுத்துருவின் பெயரில் மட்டுமே தங்கியிருந்தது. பெயர் நீங்க, மெட்டும் நீங்கிற்று.

ஒருங்குறியே மருந்து என்பர். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளிக்கப்பட்டது; இலங்கை 2008இல் அதனை அடியொற்றித் தனது தமிழ்க் குறியீட்டுத் தரத்தை வெளியிட்டது. உரைநடைக்கு அது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. இசைக்குறிப்புக்கு அது பாதி விடுதலையே. 'ஸ்' என மெய்யாக எழுதித் தாரஸ்தாயி என்று கொள்வோர் இன்றும் பலர். அச்சுக்கோப்பாளரின் பழைய பெட்டி கணினியினுள்ளும் வந்து அமர்ந்திருக்கின்றது. 'ரி'யின் மேல் மெய்ப்புள்ளியை ஏற்றினால், எழுத்திலக்கணம் அறிந்த மென்பொருள் அதனை ஏற்க மறுத்து, வெற்று வட்டமொன்றின் மேல் புள்ளியைத் தனியே நிறுத்துவதுண்டு. மென்பொருளைக் குறை கூறவியலாது. தமிழ்மொழியின்படி அது செய்வதே சரி. எந்த எழுத்தோடும் சேரத்தக்க பொதுவான மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் ஒருங்குறியில் வேறாக உள்ளன. ஆனால் தமிழெழுத்துருக்கள் பலவற்றில் அவை வரையப்படாமையால் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன்வாங்கப்பட்டு இடம் விலகி நிற்கின்றன. இதற்கு மாறாக, சாமவேதச் சுரங்களைக் குறிக்கும் மேலெண்கள் கிரந்த எழுத்தோடு 2014இல் ஒருங்குறியினுட் புகுந்தன. வைதிக ஓதலுக்குக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. பள்ளிக்கூடச் சங்கீத ஆசிரியைக்குக் குரல் கொடுக்க எவரும் இருந்திலர்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபின், எஞ்சிய ஏடுகளைக் காத்தல் எமது சமூகத்தின் ஆழ்ந்த கவலையாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஒளிவருடிப் பேணுகின்றது. இசைக்குறிப்பைப் பொறுத்தவரை இவ்வொளிப்படமே தற்போது நம்பத்தக்க சாட்சி. படத்திற் புள்ளி எங்கிருந்ததோ அங்கேயே இருக்கும். ஆனால் பாமினிக் கோப்புகளாக மட்டும் இருக்கும் ஆக்கங்களுக்கு அவ்வாறான படமும் இல்லை. வன்தட்டுகளிலும் நெகிழ்தட்டுகளிலும் அவை கிடக்கின்றன. இயற்றியவர் உயிரோடிருக்கும்வரை பாடிக் காட்டித் திருத்தலாம்.

எம்முடைய ஆசிரியர் அவ்வாறே செய்தார். மாற்றுச் செயலியிடம் கொடுக்குமுன் கார்வைக் குறிகள் அனைத்தையும் வேறு அடையாளங்களாக மாற்றினோம். மாற்றம் முடிந்தபின் அவற்றை மீளக் காற்புள்ளி, அரைப்புள்ளிகளாக்கினோம். தாரஸ்தாயி மெய்ப்புள்ளிகளைப் பொதுவான மேற்புள்ளிகளாகத் திருத்தினோம். மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் உள்ள எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, அது கோப்பினுள்ளேயே பொதிந்திருக்குமாறு பக்கங்களை அமைத்து, கையெழுத்துக் கொப்பியின் ஒளிப்படத்தையும் உடன் அனுப்பினோம். ஆசிரியர் ஒவ்வொரு வரியையும் தாளமிட்டுப் பாட, நாம் திரையிற் சரிபார்த்தோம். பதினொரு மாலைகள் சென்றன. இரண்டாம் மெய்ப்பில் மூன்றிடங்களில் மட்டும் நிஷாதத்தின் கீழ்ப்புள்ளி அடுத்த எழுத்தின் கீழே நகர்ந்திருந்தது. ஆசிரியர் சிவப்பு மையால் அவற்றைத் தாமே இட்டுத் திருப்பி அனுப்பினார்.